உபவாச நாளில் யாருடைய கை வேலை செய்கிறது?



ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. இந்த நாட்கள் வந்தாலே நம்முடைய சபைகளில் உபவாச ஜெபம் அல்லது வாலிபர் முகாம் இருக்கும். அரசாங்கம் லீவு விட்டிருக்கிறது, ஜனங்கள் வருவார்கள் என்று நாள் குறிக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க ஆவியானவர் என்னை விடவில்லை. அந்த ஜெபத்தில் முன்வரிசையில் முழங்காலில் நிற்கிற விசுவாசி முதலாளிகள் சிலருடைய பட்டறையும் கடையும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே பையன்கள் வழக்கமான ஒருநாள் சம்பளத்துக்கே வேலை செய்கிறார்கள். முதலாளிக்கு லீவு, வேலையாளுக்கு இல்லை.

ஏசாயா 58-ம் அதிகாரத்தை உபவாச நாளில் நாம் வாசிக்காமல் இருப்பதில்லை. 6-ம் வசனத்திலிருந்துதான் வாசிக்கிறோம். 3-ம் வசனத்தில் ஜனங்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: நாங்கள் உபவாசம் இருந்தும் ஆண்டவர் ஏன் பார்க்கவில்லை? அதற்கு ஆண்டவர் கொடுக்கிற பதில் அதே வசனத்தில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில், உபவாச நாளிலேயே உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்ற பொருள் வெளிப்படையாக வருகிறது. ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்பதற்குக் காரணம் ஜெபவீட்டில் இல்லை ஐயா, பட்டறையில் இருக்கிறது!

வேதத்தில் லீவு கேட்டவர்கள் யார் தெரியுமா? யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் போய், வனாந்தரத்தில் கர்த்தருக்குப் பண்டிகை கொண்டாட ஜனங்களைப் போகவிடு, மூன்று நாள் பயணம் என்று கேட்டார்கள். பார்வோன் என்ன சொன்னான்? இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்றான். அதோடு விட்டானா? வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான், செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. இன்றைக்கும் லீவு கேட்கிற வேலையாளைப் பார்த்து "உனக்கு உடம்பு வணங்கல" என்று சொல்லுகிற முதலாளி, தன்னை அறியாமலே பார்வோனுடைய பாஷையைப் பேசுகிறான்.

எகிப்திலிருந்து வெளியே வந்த ஜனத்துக்குக் கர்த்தர் ஓய்வுநாளைக் கொடுத்தபோது, உபாகமம் 5:14, 15-ல் அதற்குக் காரணமும் சொன்னார். உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள் என்கிறார். யாத்திராகமம் 20-ல் இதே கற்பனைக்கு ஆறு நாள் சிருஷ்டிப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. மோவாபின் எல்லையில் மோசே அதைத் திரும்பச் சொல்லும்போது எகிப்தை ஞாபகப்படுத்துகிறான். அடிமையாக இருந்தவன் முதலாளி ஆகும்போது முதலில் மறப்பது அதைத்தானே!

இப்போது நம்முடைய நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். "பாஸ்டர், சட்டமெல்லாம் பிரசங்கத்துக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். ரோமர் 13-ஐ வரி கட்டுவதற்கு மட்டும் எழுதவில்லை. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958-லிருந்து இருக்கிறது. மேலே சொன்ன நான்கு நாட்களும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும், ஆக வருஷத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு லீவு. இது பெரிய மில்லுக்கு மட்டும் அல்ல, கடைகளுக்கும் உண்டு. அந்த நாளில் வேலை வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து வேலை வாங்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் சம்பளத்துடன் லீவு. பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிப்பது இதில் சேராது.

ஒரு சகோதரன் என்னிடம் கேட்டார்: "தீபாவளிக்கு நாம ஏன் பாஸ்டர் சம்பளத்தோட லீவு விடணும்? அது நம்ம பண்டிகை இல்லையே?" நியாயமான கேள்வி என்று அவர் நினைத்தார். நான் ஊழியத்துக்கு வருமுன் சில வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் நின்று வேலை செய்தவன். நின்று என்றால் நிஜமாகவே நின்று! கடை ஊழியருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021-ல்தான். பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் முதலாளி, "ஆராதனை முடிஞ்சதும் ஓடி வந்துடு" என்பார். ஏழு வார்த்தைகளும் முடிந்து மூன்று மணிக்குப் போய் இரவு பத்து வரைக்கும் நிற்பேன். மாசக் கடைசியில் பார்த்தால் முழுநாள் சம்பளம் பிடித்திருக்கும். அந்தக் கசப்பு எனக்குத் தெரியும். அதையே நம்முடைய கையால் ஒரு இந்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அவனிடத்தில் எப்படிச் சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டுவோம்? அந்த ஐந்து நாட்களையும் இரண்டு தரப்பையும் கலந்துதான் குறிக்க வேண்டும். அவனுக்கு எது பண்டிகை என்று அவனைக் கேளுங்கள். லீவு விடுவதால் நாம் விக்கிரகத்துக்குப் படைத்தவர்கள் ஆகிவிடுவதில்லை. நாலாம் கற்பனையில் உன் வாசல்களில் இருக்கிற அந்நியனும் சேர்ந்திருக்கிறானே.

"தொழில் தாங்காது" என்பார்கள். சிறு தொழில் நடத்துகிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும்; வட்டி, கரண்டு பில், ஆர்டர் நெருக்கடி எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒன்பது நாள் கூலியில் நிற்கிற தொழிலுக்கு ஆசீர்வாத எண்ணெய் பூசி என்ன பிரயோஜனம்? யாக்கோபு 5:4-ல் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது. நம்முடைய ஜெபச் சத்தமும் அந்தக் கூலியின் சத்தமும் ஒரே செவிக்குத்தான் போகிறது.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காமாருக்கு மேலே சொன்ன சட்டம் இல்லை. சட்டம் நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறது. கற்பனையோ வேலைக்காரியையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சகோதரிகள் கூடுகைக்கு வருகிற அம்மாமார்கள், பாத்திரத்தைப் போட்டுவைத்துவிட்டு வராதீர்கள்.

சபைகளையும் விட்டுவிட்டுப் பேசினால் நியாயம் ஆகாது. கன்வென்ஷன் நடக்கிற லீவு நாட்களில் பந்தலைக் காக்கிறவர், நாற்காலி தூக்குகிறவர், கழிவறை கழுவுகிற அம்மா, இவர்களெல்லாம் காணிக்கையாக வேலை செய்கிறவர்கள் அல்ல, கூலிக்கு வந்தவர்கள். எங்கள் சபையில் வாட்ச்மேன் ஐயா இரண்டு நாள் ராத்திரி பகலாக நின்றார். அவருக்கு மாற்று லீவு எந்தத் தேதி, இரட்டைச் சம்பளம் எவ்வளவு என்பதை இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் காரியமாக எழுதக் கேட்டிருக்கிறேன். செயலாளர் சம்மதித்துவிட்டார். பொருளாளர் யோசிக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள்.