முகம் ஆறு, வேலை ஆறு: நமக்கு இருப்பது ஒரே ஒரு முகம்



இன்னைக்கு ஒரு கதை சொல்லப் போறேன். இதுல முருகப்பெருமான் இருக்கார், நக்கீரர் இருக்கார், எங்க அப்பாவும் இருக்கார். தப்பு செஞ்சது மட்டும் நான்.

எனக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவுல இருக்கு. இன்ஜினியரிங் முடிச்சிட்டு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர்.

அன்னைக்குக் கிருத்திகை. காலை 11 மணிக்கு ஆபீஸில் ஒரு ரிலீஸ். லேப்டாப்பில் மீட்டிங் ஓடுது. பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து அபிஷேகம் லைவ் பார்க்கிறேன். அன்னதானத்துக்குப் பேர் கொடுத்தவங்க லிஸ்ட் கேட்டு நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் மேல மெசேஜ். நடுவில் ஒரு ஃப்ரெண்டுக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுக்கணும். மனசுக்குள்ள ஒரு பெருமை வேற: 'பாரு, வேலையும் பார்க்கிறேன், சாமியும் கும்பிடுறேன், சேவையும் செய்யறேன்.'

அந்த நேரத்தில்தான் அப்பா போன் பண்ணினார். நெய்வேலியில் கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். கூடப் போன நண்பர் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறக்கி விட்டுட்டு வேறு வேலையாகப் போயிட்டார். "தம்பி, கண்ணுல மருந்து விட்டிருக்காங்கப்பா. பஸ் போர்டு ஒண்ணும் தெரியல. வெயில் வேற கூசுது. வண்டி எடுத்துட்டு வந்துடறியா?"

"சரிப்பா, பத்து நிமிஷம்" என்றேன்.

அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. போனை வைத்த அடுத்த நொடி அது போயே போச்சு. சாப்பாட்டு நேரத்தில் அம்மா வந்து "அப்பா எங்கடா?" என்று கேட்டபோது மணி ஒன்றரை. போனில் நாலு மிஸ்டு கால். மீட்டிங்குக்காக சைலண்ட்டில் போட்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒரு கடை ஓரமா, கைக்குட்டையைக் கண் மேல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். என் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் நான் வந்ததைத் தெரிஞ்சுக்கிட்டார். "வேலை ஜாஸ்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லணும். அன்னைக்கு அபிஷேகத்தில் என்ன அலங்காரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மீட்டிங்கில் என்ன முடிவானது என்றும் தெரியாது. அன்னதான லிஸ்ட்டில் இரண்டு பேர் விட்டுப்போச்சு. நாலு வேலை செய்தேன், நாலிலும் நான் இல்லை.

ராத்திரி அப்பா சொன்னார்: "சுரங்கத்துல எட்டு மணி நேரம் முடிஞ்சா சைரன் அடிச்சதும் கிளம்பிட மாட்டோம். அடுத்த ஷிப்ட் ஆளு வந்து நிக்கணும். எது ஓடுது, எது நின்னு கிடக்கு, எதுல கண்ணு வைக்கணும்னு வாயால சொல்லி, ரிஜிஸ்டர்லயும் எழுதிட்டுத்தான் கை கழுவுவோம். நீ காலைல எனக்கு 'சரி'ன்னு சொன்னியே, அந்தச் சரிய எந்த நோட்டுல எழுதின?"

பதில் சொல்ல முடியாமல் எழுந்து போயிட்டேன். தூக்கம் வரவில்லை. அப்போதுதான் நக்கீரர் நினைவுக்கு வந்தார்.

நம்மில் பல பேருக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் அன்னைக்கு ராத்திரிதான் அது என் கதை என்று எனக்குப் புரிந்தது.

திருப்பரங்குன்றத்தில் ஒரு குளக்கரையில், மரத்தடியில் உட்கார்ந்து நக்கீரர் சிவபூஜை செய்துகொண்டிருந்தார். மரத்திலிருந்து ஒரு இலை விழுந்தது. பாதி தண்ணீரில், பாதி கரையில். தண்ணீரில் இருந்த பாதி மீனாக மாறியது. கரையில் இருந்த பாதி பறவையாக மாறியது. மீன் உள்ளே இழுக்கிறது, பறவை வெளியே இழுக்கிறது. இரண்டும் ஒரே உடம்பு, பிரியவும் முடியவில்லை. நக்கீரர் அதையே பார்த்தார். பூஜை நின்றது.

பூஜையில் கவனம் தப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே ஒரு பூதம் அங்கே காத்திருந்தது. ஏற்கெனவே 999 பேரைப் பிடித்துக் குகையில் அடைத்து வைத்திருந்தது. ஆயிரம் ஆனால் மொத்தமாகச் சாப்பிடலாம் என்று கணக்கு. நக்கீரர் ஆயிரமாவது ஆள். உள்ளே இருந்தவர்கள் அழுதார்கள்: 'நீர் வராத வரைக்கும் நாங்கள் பிழைத்திருந்தோம். நீர் வந்ததால் எண்ணிக்கை நிறைந்துவிட்டதே!'

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நக்கீரர் சாதாரண ஆள் இல்லை. தமிழ்ப் புலவர்களில் தலைமையானவர். சிவபெருமானிடமே குற்றம் குற்றம்தான் என்று வாதாடியவர் என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. அப்படிப்பட்டவரையே ஒரு இலை பிடித்துப் போட்டது. அதனால் 'எனக்கு மட்டும் ஏன் மனசு நிக்க மாட்டேங்குது' என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் ஒரு நொடி திரும்பியதற்கு மாட்டிக்கொண்டது அவர் மட்டும் இல்லை, 999 பேரின் உயிரும் அதில் இருந்தது. நான் கவனம் தப்பியதற்கு வெயிலில் உட்கார்ந்தது என் அப்பா. சிதறிய கவனத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் நம்மை நம்பி இருப்பவர்கள்தான்.

பாதி மீன், பாதி பறவை. மீட்டிங் ஒரு பக்கம், அபிஷேகம் ஒரு பக்கம். என் மேஜை மேல இருந்ததும் அதே இலைதான்.

குகைக்குள் இருந்து நக்கீரர் முருகனைப் பாடினார். அதுதான் திருமுருகாற்றுப்படை என்பது மரபு. 317 அடிகள். சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டின் முதல் பாட்டு, சைவத் திருமுறையில் பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. முருகன் வந்தார், வேலால் குகையைப் பிளந்தார், ஆயிரம் பேரும் வெளியே வந்தார்கள்.

கவனம் சிதறி மாட்டிக்கொண்டவர் அந்தப் பாட்டில் எதைப் பாடினார் என்று பாருங்கள். திருச்சீரலைவாய், அதாவது நம்ம திருச்செந்தூரைப் பாடும் பகுதியில், முருகனின் ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒரு முகம் உலகத்துக்கு ஒளி தருகிறது. ஒரு முகம் பக்தர்களுக்கு வரம் கொடுக்கிறது. ஒரு முகம் வேள்வியைக் காக்கிறது. ஒரு முகம் மறைபொருளை ஆராய்ந்து நிலவு போல விளங்க வைக்கிறது. ஒரு முகம் போர்க்களத்தில் பகைவரை அழிக்கிறது. ஒரு முகம் வள்ளியோடு சிரிக்கிறது. பன்னிரண்டு கைகளும் அந்தந்த முகத்துக்கு ஏற்றபடிதான் வேலை செய்கின்றன.

'முருகன்தான் பெரிய மல்டி டாஸ்கிங் ஆளு, ஆறு முகம், பன்னிரண்டு கை' என்று நானே ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறேன். நக்கீரர் பாடியது அதற்கு நேர் எதிர். ஒரு முகத்துக்கு ஒரு வேலை. வரம் கொடுக்கும் முகம் போரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு வேலை இருந்ததால் ஆண்டவன் ஆறு முகம் எடுத்தான். நமக்குக் கொடுத்தது ஒரு முகம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே நொடியில் ஆறு பக்கம் பார்ப்பேன் என்கிறோம்.

அப்போ நமக்கு ஆறு வேலை இருந்தால் என்ன செய்வது? ஒரே முகத்தை முறைவைத்துத் திருப்ப வேண்டியதுதான். ஒரு வேலைக்குத் திரும்பினால் முழுசாகத் திரும்பணும்.

நம்ம துறையில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு கோர் மட்டும் இருந்தால், அது பத்து புரோகிராமை ஒரே சமயத்தில் ஓட்டுவது மாதிரி தெரியும். உண்மையில் ஒன்றை நிறுத்தி, அது எந்த இடத்தில் நின்றது என்று குறித்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கிறது. இதைத்தான் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்கிறோம். குறித்து வைக்காமல் அது ஒருநாளும் மாறாது. மெமரி தாங்காத அளவுக்குப் புரோகிராம்களைத் திறந்தால், எடுத்து வைப்பதும் மாற்றி வைப்பதுமாகவே நேரம் போய், வேலை நின்றுவிடும். அதற்கு த்ராஷிங் என்று பேர். ஓடுகிறவற்றில் சிலதை மூடினால்தான் மறுபடி வேகம் வரும்.

மனித மனசுக்கும் இப்படி ஒன்று உண்டு. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் அதை 'கவன எச்சம்' என்ற பொருளில் எழுதினார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததுக்குப் போனால், கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். 2018-ல் வந்த அவருடைய இன்னொரு ஆய்வில் ஒரு வழியும் கிடைத்தது. வேலையை விட்டுப் போகும் முன் 'எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் என்ன செய்யணும்' என்று சுருக்கமாக எழுதி வைத்தால், அடுத்த வேலையில் மனசு நன்றாகப் பதிகிறது. படித்துவிட்டுச் சிரித்தேன். எங்க அப்பா முப்பது வருஷமா ஷிப்ட் ரிஜிஸ்டரில் எழுதியது அதைத்தானே!

அன்னைக்குப் பிறகு நான் செய்துகொண்ட மாற்றங்கள் இவை. பெரிய சாதனை எதுவும் இல்லை, நீங்களும் செய்யலாம்.

முதலாவது, காலையில் விளக்கேற்றியதும் ஒரு சின்ன நோட்டில் ஆறு வரி. அன்றைக்கு என் முகம் திரும்ப வேண்டிய ஆறு பக்கம். ஏழாவது வேலை வந்தால் ஆறில் ஒன்றை அடித்துவிட்டுத்தான் அதை எழுதுவேன். ஆறாவது வரி எப்போதும் வீட்டுக்கு. வள்ளியோடு சிரிக்க ஆண்டவனே ஒரு முகத்தை ஒதுக்கியிருக்கிறான், நமக்கு மட்டும் குடும்பத்துக்கு நேரம் இல்லையா?

இரண்டாவது, ஒரு வேலையிலிருந்து எழும்போது ஒரு வரி ரிஜிஸ்டர். 'இந்த இடத்தில் நிறுத்தினேன், அடுத்து இது.' யாருக்காவது 'சரி' சொன்னால் அதுவும் அந்த நோட்டில் ஏறணும். எழுத முடியாத இடத்தில் 'சரி' சொல்வதில்லை.

மூன்றாவது, அபிஷேகம் லைவை வேலைக்கு நடுவில் ஓட விடுவதில்லை. இரண்டு மணி நேரம் ஓரக்கண்ணால் பார்ப்பதற்குப் பதில், அஞ்சு நிமிஷம் எல்லாத்தையும் மூடிவிட்டு, கண் நிறைய அவனைப் பார்க்கிறேன்.

"ப்ரோ, சொல்றதுக்கு நல்லாருக்கு, எங்க மேனேஜர் விடமாட்டாரே" என்று நீங்கள் கேட்பது தெரியுது. எனக்கும் ஆன் கால் வாரம் வரும், நடு ராத்திரி அலாரம் அடிக்கும், எல்லாத்தையும் சைலண்ட்டில் போட முடியாது. குறுக்கே வருவதை நம்மால் தடுக்க முடியாது. கையில் இருந்ததை ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான் நம் கையில். வீட்டு ஆட்கள் நம்பர் மட்டும் சைலண்ட்டிலும் அடிக்கிற மாதிரி வைத்துவிட்டேன். அதை முதலிலேயே செய்திருந்தால் அப்பா அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார்.

கிருத்திகை எதற்கு விசேஷம்? சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள். வளர்க்க ஆறு கார்த்திகைப் பெண்கள். ஒருத்தியிடம் ஆறையும் விட்டுவிடவில்லை பாருங்கள், ஒரு குழந்தைக்கு ஒரு தாய். அப்புறம் உமையம்மை வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைத்தாள். ஆறு முகமும் ஒரே உடம்பானது, கந்தன் ஆனான். சிதறிக் கிடப்பதைச் சேர்த்தது அந்த அணைப்பு. நம்ம மனசு ஆறு பக்கம் சிதறும்போது 'முருகா' என்று ஒரு தடவை கண்ணை மூடிச் சொல்வதும் அந்த அணைப்புக்காகத்தான். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து, முன்னால் இருக்கும் ஒரே வேலையைப் பாருங்கள்.

போன வாரம்கூட ஒரு மீட்டிங்கில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்து மாட்டிக்கொண்டேன். முழுசாகத் திருந்திவிட்டேன் என்று முருகன் சந்நிதியில் பொய் சொல்ல முடியாது. ஆனால் அப்பா அடுத்த கண் பரிசோதனைக்குத் தேதி சொன்னபோது அவர் எதிரிலேயே நோட்டை எடுத்து எழுதினேன். அன்றைக்கு லீவு போட்டு நானே கூட்டிப் போனேன். திரும்பும்போது நெய்வேலி வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போனோம். போன் வண்டி டிக்கியில் இருந்தது. கண்ணில் மருந்து இருந்ததால் அப்பாவுக்குச் சந்நிதி சரியாகத் தெரியவில்லை. "அலங்காரம் எப்படிப்பா இருக்கு, சொல்லு" என்றார். பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு முருகனை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதைப் படித்து முடித்ததும் உடனே பத்து குரூப்புக்கு அனுப்ப வேண்டாம். முதலில், 'அப்புறம் கூப்பிடுறேன்' என்று சொல்லி நீங்கள் மறந்துபோன ஒருத்தருக்கு இப்போதே போன் பண்ணுங்கள். ஷேர் பண்ணுவது அதுக்கப்புறம்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.