எண்ணைக் கண்டு ஓடாதே, பிளந்து பார்!

தாமிரத்தின் மின்தடை எண் 10.37 என்கிறது அமெரிக்கக் கேட்லாக். உன் பாடப்புத்தகமோ 1.724 × 10⁻⁸ என்கிறது.

இரண்டும் ஒரே தாமிரம்தான். இரண்டும் 20 டிகிரி செல்சியஸில் உள்ள மதிப்புதான்.

பார்த்ததும் என்ன செய்தாய்? கைபேசியை எடுத்தாய். அலகு மாற்றும் செயலியைத் திறந்தாய். விடை வந்தது. மனம் அடங்கிவிட்டது.

அந்த விடை எப்படி வந்தது என்று மேலதிகாரி கேட்டால்? உன்னால் வாய் திறக்க முடியுமா?

"எனக்குக் கணக்கு வராது சார்!" எத்தனை வருடமாக இதையே சொல்வாய்? எட்டாம் வகுப்பில் யாரோ உன் தலையில் ஏற்றிய மூட்டை அது. இறக்கி வை!

இங்கே வேண்டியது பெருக்கல், வகுத்தல், வட்டத்தின் பரப்பு. இதில் நீ படிக்காதது எது?

பேனாவை எடு. நாளைக்கு இல்லை, இப்போது!

அமெரிக்க அலகின் பெயர் ஓம்-சர்க்குலர் மில் / அடி. பெயரின் நீளத்தைப் பார்த்தே பின்வாங்குகிறாயா? துண்டு துண்டாகப் பிரி.

மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; 1959 உடன்படிக்கைப்படி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே ஒரு மில் 0.0254 மி.மீ.

சர்க்குலர் மில்? ஒரு மில் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு. அவ்வளவுதான்!

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான அலகு தெரியுமா? விட்டத்தை மில்லில் அளந்து வர்க்கப்படுத்து, பரப்பு கையில் வந்துவிடும். 100 மில் கம்பிக்கு 10,000 சர்க்குலர் மில். பை எங்கேயும் தலைகாட்டாது.

ஆனால் பை ஓடிப்போகவில்லை. அலகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை மறந்து சதுர மில் என்று எடுத்துக்கொண்டால் விடை 27 சதவீதம் கூடிவிடும்.

அந்தத் தப்பு உனக்கும் வரலாம். வரட்டுமே! காகிதத்தில் போட்ட தப்பைத் தேடிப் பிடித்துவிடலாம். போடாத கணக்கில் எதைத் தேடுவாய்?

0.0254-ஐ வர்க்கப்படுத்து. வட்டத்தின் பரப்புக்காகப் பையில் நான்கில் ஒரு பங்கான 0.7854-ஆல் பெருக்கு. 0.0005067 சதுர மி.மீ. வந்ததா? ஓர் அடிக்கு 0.3048 மீட்டர். அதால் வகு. 0.0016624.

இப்போது 10.37-ஐ இதால் பெருக்கு. 0.01724! இது ஓம்-சதுர மி.மீ. / மீட்டர். சதுர மீட்டருக்குப் போகப் பத்து லட்சத்தால் வகு.

1.724 × 10⁻⁸ ஓம்-மீட்டர். புத்தகத்தில் இருக்கும் அதே எண்!

செயலியா கொண்டுவந்தது? உன் கை கொண்டுவந்தது!

இந்த அலகில் யார் பெயர் இருக்கிறது என்று யோசித்தாயா? கியோர்க் ஓம். பூட்டுத் தொழிலாளியின் மகன். பள்ளி ஆசிரியர்.

அவருடைய மின்கலத்தின் விசை நிலையாக நிற்கவில்லை. அளவுகள் அலைந்தன. விட்டாரா? பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்து, இரு முனைகளின் வெப்ப வேறுபாட்டில் மின்னோட்டம் எடுத்து 1826-இல் மறுபடி அளந்தார்.

1827-இல் புத்தகம் வந்தது. எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி வரவில்லை. பள்ளி வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் வந்தபோது ஆண்டு 1841!

பதினான்கு ஆண்டுகள் அவர் பொறுத்தார். உன்னால் பதினான்கு நிமிடம் ஒரு கணக்கோடு உட்கார முடியாதா?

இன்னொரு மிரட்டல் வரும். அமெரிக்க எலெக்ட்ரீஷியன் மின்னழுத்த இறக்கம் கணக்கிடும்போது தாமிரத்துக்கு 12.9 போடுவார். "அப்போது 10.37 தப்பா?" என்று நடுங்குவாய்.

நடுங்காதே, கேள்! எந்த வெப்பநிலை? 75 டிகிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் தாமிரத்தின் தடை 0.393 சதவீதம் ஏறும். 20-இலிருந்து 75 வரை உள்ள 55 டிகிரிக்குப் போட்டுப் பார், 12.6 வரும். மிச்சம் பெரும்பாலும் முறுக்கிய இழைகளின் கூடுதல் நீளம். அலகை மாற்றும் முன் வெப்பநிலையைப் பார்க்காதவன் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறான்.

ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் உண்டு. காரணத்தைக் கேட்கத்தான் உனக்குப் பயம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இதோ இன்னொன்று. எர்த்திங்குக்கு மண்ணின் மின்தடை எண் வேண்டும். சம இடைவெளியில் நான்கு கம்பிகளை நட்டு அளப்பது வென்னர் முறை. இடைவெளி அடியில் இருந்தால், அதை அளக்கும் கருவி காட்டும் ஓமோடு பெருக்கி, 191.5-ஆலும் பெருக்குவார்கள். விடை ஓம்-சென்டிமீட்டரில் வரும்.

191.5 எங்கிருந்து வந்தது? சூத்திரத்தில் இருப்பது இரண்டு பை. ஓர் அடிக்கு 30.48 சென்டிமீட்டர்.

நான் பெருக்கிக் காட்ட மாட்டேன். நீ பெருக்கு!