கோலமும் கூடமும்

விருந்தினர் வருகின்றனர் எனில் முற்றத்தைப் பெருக்கிக் கோலமிடுவது நம்மவர் வழக்கம். அதனைப் பொய்ம்மை என்று எவரும் பழிப்பதில்லை. வருவோரை நாம் மதிக்கின்றோம் என்பதற்கு அஃது அடையாளம். வீட்டிற்குப் பொருந்தும் இந்நெறி நாட்டிற்கும் பொருந்துமா?

1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் நாடு அத்தகையதொரு கோலத்தை இட்டது. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் ஆசிய மண்ணில் முதன்முறையாகக் கோலாலம்பூரில் நடைபெற்றன. பல இனத்தவரும் தோளோடு தோள் நிற்கும் இளைய நாடொன்றைப் புக்கிட் ஜாலில் அரங்கின் ஒளிவெள்ளத்தில் உலகம் கண்டது. 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் கோ. சரவணன் தங்கம் வென்றார். விடியுமுன் பெரட்டுக்கு நடந்தே தேய்ந்த கால்களுக்குப் பிறந்த நமக்கு அவ்வெற்றி தந்த பெருமிதம் சிறிதன்று. அந்நாளில் இளம் ஆசிரியனாயிருந்த நான் அவர் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டி, "இதுதான் உங்கள் நாடு" என்று மாணவர்க்குக் கூறினேன்.

அக்காட்சி வெறுங்கற்பனையும் அன்று. நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் 1966-ஆம் ஆண்டிற்கு முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அவற்றைப் பெற்றவர்கள் கோலகங்சாரில் பிறந்த எம். ஜெகதீசனும் தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணியும் ஆவர். இருவரும் நம் பேரா மாநிலம் ஈன்ற மக்கள். விளம்பரம் எழுதுவோர் பிறக்குமுன்பே ஓடுதளத்தில் உழைத்துப் பெற்ற பெயர் அது.

ஆயினும் ஓர் உண்மை நெஞ்சை உறுத்துகின்றது. புக்கிட் ஜாலில் முன்னர் ஒரு தோட்டம். அரங்கிற்கு அண்மையில் அத்தோட்டத்தின் பழைய குடியிருப்பில் எஞ்சியிருந்த 41 குடும்பங்கள், 2011-ஆம் ஆண்டில், வெளியேற்றப்படும் நிலையில் நின்று, வீடு கட்டிக்கொள்ள 4 ஏக்கர் நிலம் கேட்டுப் போராடின. உலகை வரவேற்ற அதே மண்ணில், அம்மண்ணில் உழைத்தோர் இடம் கேட்டு நின்றனர். பால்மரங்கள் சாய்ந்து, லயங்கள் மறைந்து, பிழைப்புத் தேடி ஈப்போவிற்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு இஃது அயலார் கதையன்று.

இதனால் விழாவே வேண்டா என்பார் உளர். நாட்டின் பெயர் உயர்ந்தது, வணிகமும் சுற்றுலாவும் வளரும், அது போதும் என்பாரும் உளர். இருசாராரும் வந்து போனவர்களையே எண்ணுகின்றனர். விருந்தினர்க்கு நம் குறைகளைப் பட்டியலிட்டுக் காட்ட வேண்டுவதில்லை. ஆனால் கோலமிட்டவன், கூடத்தில் வாழ்வோர்க்குக் கடன்பட்டவன் ஆகின்றான். 'இவ்வீட்டில் எல்லார்க்கும் இடமுண்டு' என்று ஊரறியச் சொல்லியவன், அச்சொல்லைத் தன் வீட்டாரிடத்தே மெய்ப்பித்தாக வேண்டும் அன்றோ? காட்டிய காட்சி அழகியதா என்பது கலையின் வினா. காட்டியவன் அதற்குக் கட்டுப்படுகின்றானா என்பதே அறத்தின் வினா.

அவ்வினா என்னையும் விடவில்லை. "இதுதான் உங்கள் நாடு" என்று நான் அன்று சொன்னதும் ஒரு வாக்குறுதியே. அதனை நம்பிய பிள்ளைகள் இன்று பெற்றோராகித் தம் மக்களை நம் பள்ளிக்கே அழைத்து வருகின்றனர். நான் அப்படத்தை இன்றும் காட்டுகின்றேன். ஆயின், அவ்வரங்கு எழுந்த மண்ணின் கதையையும் உடன் சொல்லியே காட்டுகின்றேன்.