கண்ணுக்குப் புலனாகாத ஆஸ்தி

ஆத்தூர் அணைப் பக்கத்துத் தண்ணீரில் நெல் விளையும் சித்தையன்கோட்டையில் ஆஸ்தி என்றால் நன்செய், தோப்பு, வீடு, பெண்டிர் நகை என்பதே வழிவழி வந்த எண்ணம். பத்திரத்தில் நான்குமால் எழுதவோ தராசில் நிறுத்துப் பார்க்கவோ இடங்கொடாத ஒன்றை உடைமையென்று ஒப்புக்கொள்வது அங்கே எளிதன்று. அத்தகைய ஊர்களிலும் கைப்பேசிக்குள் கிரிப்டோ வாங்கி வைக்கும் பிள்ளைகள் தோன்றிவிட்ட இக்காலத்தில், தொட முடியாத ஒன்று ஒருவனுக்குச் சொந்தமாகுமா என்னும் பழைய தத்துவ விசாரம் நியாயஸ்தலத்தின் படியேறி நிற்கிறது.

2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்களை வாசிர்எக்ஸ் என்னும் கிரிப்டோ பரிவர்த்தனைத் தளத்தில் வாங்கிய ஒரு பெண்மணியின் வழக்கு அது. அவ்வாண்டு ஜூலையில் அத்தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான வேறு வகை நாணயங்கள் களவுபோக, இவர் கணக்கும் சேர்ந்து முடங்கியது. நஷ்டத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றது நிறுவனம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஸ்தூலப் பொருளுமன்று, செலாவணிப் பணமுமன்று, ஆயினும் அனுபவிக்கவும், நம்பிக்கைப் பொறுப்பில் ஒருவரிடம் ஒப்படைத்து வைக்கவும் தக்க சொத்தே என்று கூறினார்.

சர்க்காரின் போக்கோ விசித்திரமானது. வங்கிகள் கிரிப்டோ தொழிலுக்குச் சேவை செய்யலாகாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மிகையென்று ரத்து செய்தது. 2022-இல், இத்தொழிலை முறைப்படுத்தத் தனிச் சட்டமொன்று பிறக்குமுன்பே, லாபத்தில் 30 சதவீத வரி பிறந்துவிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன் தலைவரி கேட்ட கதைதான்.

தொட முடியாதது சொந்தமாகுமா என்னும் இந்த விசாரம் இஸ்லாமிய மார்க்க அறிஞர்களுக்குப் புதிதன்று. எடுத்துச் சேமித்து வைக்கத்தக்கதும் மனித மனம் இயல்பாக நாடுவதுமான பொருளே ஆஸ்தி, வெறும் அனுபோகம் ஆஸ்தியாகாது என்பது முற்கால ஹனஃபி சட்ட அறிஞர் கொள்கை. அனுபோகமும் ஆஸ்தியே என்பர் ஷாஃபி வழியினர். நம் உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் முன்னதையும், காயல்பட்டினம், கீழக்கரைக் கடலோரத்தார் பின்னதையும் பின்பற்றுபவராதலால், ஒரே நாணயம் இரு ஊர்களில் இரு விதமாக எடைபோடப்பட இடமுண்டு. இந்து சட்டத்திலும், கோயில் நிலம் மூர்த்திக்கே உரியது, தர்மகர்த்தா காப்பவர் மட்டுமே என்று இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. அங்கே உடையவரே கைக்கு எட்டாதவர்!

ஆகவே பொருள் ஸ்தூலமா சூட்சுமமா என்பதைவிட, பிறர் பொருளைக் கையேற்றவன் அதை அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளாகக் கருதினானா என்பதே மூல வினா என்று நான் எண்ணுகிறேன். ஆனால் அதில் உடையவனுக்கும் ஒரு கட்டு உண்டு. களவுபோன நாளில் என் சொத்து என்று வழக்காடுபவன், நிஸாப் என்னும் குறைந்தபட்ச அளவை எட்டி ஓராண்டு கழிந்ததும் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கேட்கும் ஏழையிடம், அது காற்றில் எழுதிய கணக்கு என்று கைவிரிக்க முடியாது. கணக்கு முடங்கிக் கிடந்த காலத்துக்கோ வேறு நியாயம்: திரும்பக் கிட்டும் என்ற நம்பிக்கையற்றுக் கைவிட்டுப் போன பொருள் பின்னர் மீண்டாலும், சென்ற ஆண்டுகளுக்கு ஜகாத் இல்லை என்று ஹனஃபி சட்டம் விலக்களிக்கிறது. நமது வருமான வரிச் சட்டமோ, ஒரு நாணயத்தில் பட்ட நஷ்டத்தை மற்றொரு நாணயத்தின் லாபத்திலேகூடக் கழித்துக்கொள்ள அனுமதிப்பதில்லை.