நாழிகை வழி

நம் முன்னோர் தூரத்தைப் பொழுதால் அளந்தார்கள். 24 நிமிடம் ஒரு நாழிகை. அதற்குள் நடந்து கடக்கும் தொலைவு ஒரு நாழிகை வழி. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஏறக்குறைய மூன்று நாழிகை வழி. சாரலில் நனைந்தபடி பேசிக்கொண்டே நடந்தால் அந்த மூன்றும் தெரியாது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்தால்தான் தென்காசி என்ற பெயரின் அருமை விளங்கும். காசிக்குப் புறப்பட்ட அடியார் பலர் வழியிலேயே உயிர்விட்டதால், சிற்றாற்றங்கரையிலேயே தனக்குக் கோயில் எழுப்பும்படி சிவன் பாண்டியன் கனவில் சொன்னதாகத் தலவரலாறு கூறுகிறது. 1446-இல் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பிறகுகூட வழி சுருங்கிவிடவில்லை. 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசி யாத்திரை போன ஏனுகுல வீராசாமிக்குப் பல்லக்கும் பரிவாரமும் இருந்தன; ஊர் திரும்ப 15 மாதங்கள் ஆயின. நெல்லைச் சீமையின் ஓர் ஏழை உழவனுக்கு அத்தனை மாதம் ஏது? அவனுடைய ஒரு நாள் நடைக்குள் காசியைக் கொண்டுவந்து வைத்த பாண்டியனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அதே பாண்டியர் குலத்தின் அரசியலையும் நடைதான் தீர்மானித்தது. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய அவர்களுக்கு மேலே விஜயநகரப் பேரரசு இருந்தது. ஆனால் ஹம்பியிலிருந்து ஒரு படை இங்கு வந்துசேர வாரக்கணக்கில் நடக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து வேணாட்டு மன்னனுக்கோ கணவாயைத் தாண்டினால் போதும். பாண்டிய நிலத்தில் அவன் கைவைத்தபோது, 1530-களின் தொடக்கத்தில் விஜயநகரப் பேரரசர் அச்சுத தேவராயர் படை நடத்தி வந்தார். அவர் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிக்கொண்டு, தாமிரபரணிக்குத் தளபதியைத்தான் அனுப்பினார். படை வென்றது, பாண்டியனுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது, படை ஊர் திரும்பியது. மலையும் கணவாயும் இருந்த இடத்திலேயே இருந்தன. பேரரசின் பரப்பை வரைபடத்தில் ஒரே வண்ணம் பூசிக் காட்டுகிறார்கள். தலைநகரின் ஆணை எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்பதையும் அதன்மேல் எழுதிக் காட்டினால் நம் பிள்ளைகளுக்கு வரலாறு இன்னும் தெளிவாகும்.

செங்கோட்டையைப் பாருங்கள். தென்காசிக்கு நான்கு நாழிகை வழிதான். ஆனாலும் 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம். ஆரியங்காவுக் கணவாய் அந்த அரசுக்கு மலையில் ஒரு வாசலாக அமைந்தது. 1904-இல் அந்த மலையைக் குடைந்து புனலூருக்கும் கொல்லத்துக்கும் ரயில் ஓடியது. எல்லைக்கோடு அப்படியே இருக்க, இரு பக்கத்துச் சந்தைகளும் நெருங்கிவந்தன.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அதுவரை ஆட்சியரிடம் மனு கொடுக்கத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். இரண்டு பேருந்து மாறி, வரிசையில் நின்று, இருட்டியபின் வீடு திரும்பும் கூலிக்காரப் பெண்ணிடம் "எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டிருந்தால், அவள் கிலோமீட்டர் சொல்லியிருக்க மாட்டாள். "ஒரு நாள் கூலி போச்சு" என்றுதான் சொல்லியிருப்பாள்.