அம்மாவின் தொழில்

நீண்ட காலம் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணைப் பற்றி நம்மவர்கள் முதலில் சொல்வது, "ஒருநாள்கூட சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை" என்பதைத்தான். எங்கள் அம்மா 89 வயதில் மறைந்தபோது, குனோங் ராபாட் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த பலரும் இதையே சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனாலும் அந்தப் புகழ்ச்சி என் மனத்தில் முழுதாகப் பொருந்தவில்லை. அம்மா விரும்பிச் செய்த வேலை உண்டு. செய்யாமலிருக்க யாரும் விடாததால் செய்த வேலையும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கட்டிப் புகழ்ந்தால், அவருக்கு ஓய்வு தராதவர்களின் கணக்கு தீர்ந்துபோகிறது. அவர் எதில் கெட்டிக்காரர் என்பதும் மறைந்துபோகிறது.

அம்மா 1934இல் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தவர். ஜப்பான்காரர்கள் வந்தபோது ஏழு வயது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, 1942க்கும் 1943க்கும் இடையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அப்படிப் போன தாத்தா திரும்பி வரவில்லை. ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை. பாட்டியும் பிள்ளைகளும் மரவள்ளி நட்டுப் பிழைத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை மண்வெட்டி பிடித்ததைச் சுறுசுறுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது பசி.

பால்வெட்டு அப்படியில்லை. அதை அம்மா தொழிலாகவே மதித்தார். விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கொடுத்து, பிள்ளைகளை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டோடு நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் அந்த அவசரம். வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிவாக இறங்க வேண்டும். ஒரு தடவைக்குச் சீவும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் மறுபடி நன்றாக வெட்ட முடியாது. இந்த நுட்பத்தை நூற்றுக்கணக்கான மரங்களில், தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியோடு செய்துவிட்டு, பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கழியில் மாட்டித் தோளில் ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை.

அம்மா எண்பதைக் கடந்த பிறகு ஒருநாள், பத்து காஜா சாலையோரம் ஒரு சிறு தோட்டத்தில் மிஞ்சியிருந்த ரப்பர் மரங்களைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார். தோட்டக்காரரிடம் கேட்டு உளியை வாங்கினார். என் மகள் பக்கத்தில் நின்றாள். வழக்கமாக நடுங்கும் கை அன்று நடுங்கவில்லை. ஒரே இழுப்பில் சீவல் நாடாபோல் சுருண்டு விழுந்தது; பால் கோடு பிடித்து இறங்கியது. "எவ்வளவு ஆழம் போறதுன்னு எப்படிப் பாட்டி தெரியும்?" என்று பேத்தி கேட்டாள். "பட்டையோட ஈரம் உளியில தெரியும் பாப்பா. அங்க கை நிக்கணும். நிக்கலேன்னா மரம் அழுவும்" என்றார். பாட்டியின் சமையலைப் பற்றி மட்டுமே பள்ளிக் கட்டுரைகளில் எழுதிவந்த பெண், அன்று முதல் தன் பாட்டி ஒரு தேர்ந்த தொழிலாளி என்று சொல்லத் தொடங்கினாள். ஒரு குடும்பத்துக்குள் அது சின்ன மாற்றமில்லை.

இந்தத் தேர்ச்சிக்குக் கிடைத்த மதிப்பு எவ்வளவு? அம்மாவுக்கு முந்திய, என் பாட்டியின் தலைமுறையில், 1920களின் இறுதியில், பல இடங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண் என்பதற்காகப் பத்துக் காசு குறைவு. வீட்டுக்கு வந்த பிறகு செய்த சமையலும் துவைப்பும் எந்தக் கிராணியின் கணக்கிலும் ஏறவில்லை.

அம்மா தன் உழைப்பைத் தானே மதித்த நேரங்களும் உண்டு. 1960இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன், துண்டாடி விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்குப் பணத்தைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அம்மா கட்டினார். படிக்கத் தெரியாத பெண் பங்குப் பத்திரத்தைப் பட்டுப்புடவைக்குள் வைத்துப் பாதுகாத்தார். தோட்டத்தில் கூலியாக இருந்தவர், எங்கோ ஒரு தோட்டத்துக்குக் கொஞ்சமாவது உடைமைக்காரர் ஆகிவிட்டார் அல்லவா!

பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது, லயங்கள் காலியாயின. 55 வயதில் கிடைத்த ஊழியர் சேமநிதிப் பணத்தை முன்பணமாகக் கட்டி குனோங் ராபாட்டில் மலிவு விலை வீடு வாங்கினோம். கட்டியவர் அம்மா, வாங்கினோம் என்று சொல்வது நாங்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள், இந்த வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ஹியோங் பியா பிஸ்கட் செய்யும் பட்டறை ஒன்றில் பொட்டலம் கட்டினார். அந்த வேலை கடனுக்காக. காலையில் கேக் லோக் தோங் குகைக்கோயிலின் பின்புறம் குளத்தைச் சுற்றி நடந்தது அவருக்காக. தைப்பூசத்தில் கல்லுமலைக்குப் பால்குடம் எடுத்தது முருகனுக்காக என்பார். அதிலும் அவருக்கென்று ஒரு மகிழ்ச்சி இருந்தது.

உழைப்புக்குப் பெயர் கிடைக்காமல் போனது அம்மாவுக்கு மட்டுமல்ல. தோட்டத்துப் பெண்கள் பலர் 1943இல், இந்திய விடுதலைக்காக அமைந்த ஜான்சி ராணி பெண்கள் படையில் சேர்ந்தார்கள். ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் ஆகியோர் அதில் இருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். ராசம்மா பிறகு பெண் ஆசிரியர்களின் சமச் சம்பளத்துக்குப் போராடியதும் தெரியும். அவர்களோடு அணிவகுத்த பால்வெட்டுப் பெண்களில் எத்தனை பேர் பெயரை நம்மால் சொல்ல முடியும்? கோவை தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் நிலத்தில் இறங்கிய பாப்பம்மாளுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நாடு அவரை விவசாயி என்று சொல்லிக் கௌரவித்தது. அதுதான் சரியான மரியாதை. அன்பானவர், தியாகி என்ற சொற்கள் எந்தத் தாய்க்கும் பொருந்தும். அதனாலேயே எந்த ஒரு தாயையும் அவை அடையாளம் காட்டுவதில்லை.

நம் தமிழ் நாளிதழ்களின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் பாருங்கள். ஆணின் படத்துக்குக் கீழே பெரும்பாலும் முன்னாள் ஆசிரியர், முன்னாள் கங்காணி, முன்னாள் லாரி ஓட்டுநர் என்று ஏதாவது இருக்கும். பெண்ணின் படத்துக்குக் கீழே மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பட்டியல் மட்டும். அம்மாவின் முதலாண்டு நினைவஞ்சலியில் அவர் பெயருக்கு அடுத்த வரியில் "பால்வெட்டுத் தொழிலாளி" என்று அச்சிட்டோம்.

உங்கள் வீட்டில் வயதான அம்மாவோ பாட்டியோ இருந்தால், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், எந்த வேலையில் சேர்ந்தார், முதல் சம்பளம் எவ்வளவு, யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டு இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதிய பிறகு அவரிடமே படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அவரே திருத்துவார்.