இரவல் குளிர்

பென்சில்வேனியாவிலுள்ள வேலி ஃபோர்ஜில் 1777 டிசம்பரில் வாஷிங்டனின் படை, சுமார் 12,000 பேர், முகாமிட்டது. அங்கே போர் நடக்கவில்லை. ஆறு மாதத்தில் ஏறத்தாழ 2,000 பேர் நோயில் இறந்தார்கள்.

இன்று அது பூங்கா. பயணிகள் வராத ஜனவரியில் அதன் பாதைகளில் சைக்கிள் மிதித்தபோது, என் விரல்கள் விறைக்க விறைக்க, அவர்கள் துன்பத்தில் பங்குகொள்வதாக ஒரு நினைப்பு எழுந்தது. இந்த நினைப்பு விசாரணைக்குரியது. திரும்பிப் போக அறை உள்ளவனின் குளிர் வேறு. தவிர, சாவுகளில் மூன்றில் இரண்டு பங்கு மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நேர்ந்தவை. குளிர் தணிந்து, உணவு வரத்தும் கூடியிருந்த காலம். பனி நம் கற்பனைக்குச் சௌகரியமான பின்னணி, அவ்வளவே.

பிறர் துன்பத்தை நம் உடம்பில் நடித்துப் பார்ப்பது அறிதல் ஆகாது. இரக்கம் உண்மையானால், தனக்குப் பிடித்த சித்திரத்தை அது விட்டுக்கொடுக்க வேண்டும். மே மாதப் புல்வெளியைப் பார்த்தும் இறந்தவர்களை நினைக்க முடிகிறதா என்பதே கேள்வி.